எலுமிச்சை அளவுத் தக்கை

அன்பு மகளுக்கு,

போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே இருப்பார். அதனால் எழுதுகிறேன்.

நீ வாங்கிக் கொடுத்த தூண்டில் தக்கை அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. சின்ன மீனுக்கு வேர்க்கடலை அளவுத் தக்கைதான் சரி, பெரிதாக இருந்தால் மீன் கனத்தை உணர்ந்து இரையைத் துப்பிவிடும் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்திய மனிதர், எலுமிச்சை அளவில், அதுவும் பளிச்சென்ற சிவப்பில்தான் வேண்டும் என்று உன்னிடம் கேட்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் குளத்துக்குப் போனேன். அவர் தூண்டிலை வீசும்போதே தக்கை பின்னாலிருந்த புதரில் மாட்டிக்கொண்டது. அவரோ தண்ணீரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"தக்கை கல்லு மாதிரி நிக்குது பாரு. இன்னிக்கு மீனே இல்ல," என்றார்.

"ஆமாங்க, போலாம்," என்றேன். புதரிலிருந்து நானே எடுத்துச் சுருட்டினேன்.

நாளைக் காலையிலும் பள்ளி வேனை அவர்தான் ஓட்டப்போகிறார். டாக்டரிடம் போகலாம் என்றால் எரிந்து விழுகிறார். இனிமேல் பேத்தியை நீயே பள்ளியில் கொண்டுபோய் விடு. அவர் கேட்டால் ஏதாவது சாக்குச் சொல்.

வேனில் வரும் மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் கடையில் என்னைப் பார்த்தால் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன்.

உன் அம்மா