முப்பத்து நான்கு கிராம்

மார்ச் 4, செவ்வாய்

முதலாளி அறையில் இன்று கூட்டம். ஏசி ஓடவில்லை, என் கொழுந்தனின் வாய் மட்டும் ஓடியது. விற்பனை மேலாளர் அல்லவா? சுவரில் படம் போட்டுக் காட்டினான். பாட்டில், டப்பா, மூடி, மொத்தக் கெட்டி பிளாஸ்டிக் சந்தையும் எந்தப் பக்கம் போகிறது என்று வண்ண வண்ணமாகக் கோடுகள். பாட்டிலின் எடை வருடாவருடம் இறங்குகிறதாம். பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்த குருணையின் பங்கு ஏறுகிறதாம். இரண்டுக்கும் ஒத்துவராதவர்களின் பாட்டிலை, திரவத்தை அடைத்து விற்கும் மெல்லிய பை வந்து விழுங்கிவிடுமாம்.

கடைசியில் விஷயத்துக்கு வந்தான். சோப்புக் கம்பெனியின் தரை துடைக்கும் திரவத்துக்கு நாங்கள் செய்யும் ஒரு லிட்டர் பாட்டில் நாற்பத்திரண்டு கிராம். அது முப்பத்து நான்காக வேண்டும், அதிலும் மூன்றில் ஒரு பங்கு பழைய குருணை. இல்லாவிட்டால் அவர்கள் பைக்கு மாறிவிடுவார்கள். எங்கள் பன்னிரண்டு மெஷினில் எட்டு, இந்த ஒரு பாட்டிலைத்தான் ஊதிச் செய்கின்றன.

எட்டு கிராமை எங்கிருந்து எடுப்பது, அடியிலிருந்தா தோளிலிருந்தா என்று கேட்டேன். நியாயமான கேள்விதானே? அவன் பல்லைக் காட்டிக்கொண்டு, "அண்ணிக்குப் பழைய எடைமேல பாசம் ஜாஸ்தி" என்றான். அறையே சிரித்தது.

அண்ணியாம். பதினாறு வருடமாக அந்தக் கட்டடத்தில் நான் தரப்பிரிவின் தலைவி. வீட்டு உறவை வீட்டில் வைத்துக்கொள்ளத் தெரியாதா? கால்குலேட்டருக்குச் சட்டை மாட்டிவிட்டால் இவன்தான்.

மார்ச் 5, புதன்

அவனோடு பேச்சை நிறுத்திவிட்டேன். மாடியிலிருந்து சாப்பிட இறங்கி வருவான், வரட்டும். இன்று தட்டைப் பார்த்துக்கொண்டே, "உங்க தம்பிகிட்ட சொல்லுங்க, உப்பு அந்தப் பக்கம் இருக்கு" என்றேன். இவர் உப்பை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார். "நான் என்ன தபால்காரனா?" என்றார். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 10, திங்கள்

முப்பத்து நான்கு கிராம் மாதிரி வந்துவிட்டது. பாட்டிலைக் கவிழ்த்து, அடி மூலையில் பெருவிரலை வைத்து அமுக்கினேன். உள்ளே போய்விட்டு மெதுவாகத் திரும்பி வந்தது. பழைய பாட்டில் அந்த இடத்தில் அசையவே அசையாது.

முதலாளியிடம் காட்டினேன். "விரலை வெச்சு சந்தையை நிறுத்த முடியாதும்மா. படிவத்துல இருக்கற சோதனையைப் பண்ணுங்க" என்றார். பிடிக்காததைச் சொன்னால் மேடம் போய் அம்மா வந்துவிடுகிறது!

மார்ச் 11, செவ்வாய்

படிவத்தில் இருப்பது இது: பாட்டிலில் தண்ணீர் நிரப்பு, ஐந்து பெட்டி உயரத்துக்கு அடுக்கு, பத்து நாள் கழித்துப் பார். எட்டு வருடம் முன்பு அதை எழுதியவள் நானேதான். அன்றைக்குக் குழாய் பக்கத்தில் இருந்தது, தண்ணீர் என்று எழுதினேன். கனமான பாட்டிலுக்கு எது ஊற்றினாலும் தாங்கும், அதனால் யாரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. ஆனால் சோப்புத் திரவம் தண்ணீர் இல்லையே. அழுத்தம் விழுகிற இடத்தில் மெல்லிசாக இருந்தால் மெள்ள மெள்ள விரிசல் விட வைக்கும். இந்தத் தொழிலில் கால் வைத்த முதல் வருடமே படித்த விஷயம்.

கடையில் பன்னிரண்டு பாட்டில் திரவம் வாங்கினேன். "வீட்டை எத்தனை வாட்டி துடைக்கப் போற?" என்று கேட்டார் இவர். கிடங்கு மூலையில் இரண்டு அடுக்கு வைத்தேன். இடது பக்கம் தண்ணீர். வலது பக்கம் அடிப்பெட்டியின் மாதிரி பாட்டில்களில் அசல் திரவம்.

மார்ச் 17, திங்கள்

இரண்டும் நிற்கிறது. கசிந்தாலும் எரிச்சல், கசியாவிட்டாலும் எரிச்சல்.

மார்ச் 21, வெள்ளி

பதினோராம் நாள். வலது அடுக்கின் அடிப்பெட்டி ஈரம்! பிரித்துப் பார்த்தேன். பன்னிரண்டில் ஐந்து பாட்டில், அதே அடி மூலையில், தலைமுடி அளவுக்கு விரிசல். இடது பக்கத் தண்ணீர் அடுக்கு ஜம்மென்று நிற்கிறது.

ஒழுகுகிற பாட்டிலைக் கையோடு தூக்கிக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன். அவர் மேசையில் சொட்டட்டும் என்றே வைத்தேன். கத்தினேன். "இதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றேன். டிஷ்யூவால் மேசையைத் துடைத்தார். "சரி, விடுங்க. உங்க கொழுந்தன் வெளியூர்ல இருக்கார், நாளைக்கு ராத்திரி வந்துடுவார். அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றார்.

இதை எதில் எழுதுவது? படிவத்தில் தண்ணீருக்கு மட்டும்தான் கட்டம் இருக்கிறது. முதலாளிக்கே சொல்லியாகிவிட்டது, அது போதும்.

மார்ச் 23, ஞாயிறு

கொழுந்தன் ஊரிலிருந்து வந்துவிட்டான். சாப்பிடும்போது அவனாகவே ஆரம்பித்தான். "அண்ணி, அந்த ரெண்டு அடுக்கு என்னாச்சு?"

"சந்தையைக் கேளு, அது சொல்லும்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. சுருங்கட்டும். முதலாளி சொல்லியிருப்பார், என் வாயால் கேட்டு அண்ணிக்குப் பாசம் என்று இன்னொரு தடவை சிரிக்கலாம் என்று பார்க்கிறான்.

மார்ச் 24, திங்கள்

படிவம் சோப்புக் கம்பெனிக்குப் போய்விட்டது. தண்ணீர், பத்து நாள், கசிவு இல்லை. தரப்பிரிவுக்காக என்ற இடத்தில் கையெழுத்து — அவனுடையது.

தெரிந்தே போட்டிருக்கிறான். என் படிவத்தில், என் இடத்தில்! என்ன மனுஷன் இவன்? இவரிடம் சொன்னேன். "ஆபீஸ் சண்டைய வீட்டுக்குக் கொண்டு வராத" என்கிறார். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே இரண்டு பேரும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

எட்டு மெஷினும் முப்பத்து நான்கு கிராம் ஊதுகின்றன. சத்தம்கூட மாறியிருப்பதுபோல் இருக்கிறது. முதலாளி எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார். நான் எடுக்கவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

சோப்புக் கம்பெனியின் கிடங்கில் கீழ்வரிசை முழுக்கக் கசிவு. ஒரு அடுக்கு சரிந்துவிட்டது. தரையெல்லாம் திரவம். பெட்டி இறக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டதாம்.

நான் சொன்னேனே. படிச்சுப் படிச்சு சொன்னேனே. அந்தப் பொம்பளைக்கு யார் பதில் சொல்றது?

மே 2, வெள்ளி

விசாரணைக்கு மூன்று பேர் வந்திருக்கிறார்கள், சோப்புக் கம்பெனியிலிருந்து. கசியும் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டார் முதலாளி. விற்பனை ஆள் தரப்பிரிவின் இடத்தில் கையெழுத்துப் போட்டதுதான் தப்பாம். கொழுந்தனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தாகிவிட்டது.

நன்றாக வேண்டும் அவனுக்கு. மனதார எழுதுகிறேன்.

மே 3, சனி

சாப்பிட வரவில்லை. இவர் மாடிக்குப் போய்க் கூட்டி வந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான். என்னால் வாயை அடக்க முடியவில்லை. "பதினோராம் நாள் கசிஞ்சது தெரிஞ்சும் போட்டியே, கை நடுங்கலையா?" என்று கேட்டுவிட்டேன். மார்ச்சுக்குப் பிறகு அவனிடம் நான் நேராகப் பேசிய முதல் பேச்சு.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "கசிஞ்சுதா? எப்போ கசிஞ்சுது?"

"முதலாளி சொல்லலையா?"

"நீங்க கோவத்துல கையெழுத்துப் போடலன்னுதான் சொன்னாரு. தண்ணியில தாங்கிடுச்சுன்னு படிவத்தைக் காட்டினாரு. எனக்கு மனசு கேக்காமத்தான் கையெழுத்துப் போடறதுக்கு முந்தின நாளே உங்ககிட்ட கேட்டேன், அண்ணி."

இவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

கேட்டான். ஆமாம், கேட்டான். இந்த நோட்டைப் புரட்டினேன். மார்ச் 23. என் கையெழுத்திலேயே இருக்கிறது. என்ன ஆச்சு என்று கேட்டவனுக்கு ஒரே வார்த்தை, கசியுது என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் போட்டிருக்க மாட்டான். அந்தப் பெண்ணின் கையும் முறிந்திருக்காது. அந்த நிமிடம் எனக்குப் பெரிதாக இருந்தது என் ரோஷம்.

மே 4, ஞாயிறு

எழுத்தில் இருக்கிறதா என்று விசாரணைக்காரர்கள் கேட்பார்கள். எங்கே இருக்கிறது? படிவத்தில் இல்லை. ஒழுகிய பாட்டில்கள் அரைக்கும் மெஷினுக்குப் போய் எப்போதோ தூளாகிவிட்டன. பதினோராம் நாள் என்று எழுதியிருப்பது உலகத்திலேயே இந்த நோட்டில் மட்டும்தான்.

இதைக் கொடுத்தால் முதலாளிக்குத் தெரியும் என்பது வெளியே வரும். கொழுந்தனுக்குத் தெரியாது என்பதும் வரும். கூடவே மார்ச் 23-ம் வரும். தெரிந்தும் எழுதி வைக்காத தரப்பிரிவுத் தலைவியை எவன் வேலையில் வைத்திருப்பான்?

ஒரு பக்கத்தை மட்டும் கிழித்துவிடலாமா என்று நினைத்தேன். நினைத்தது உண்மை, அதையும் எழுதிவிடுகிறேன்.

"எனக்காக ஒண்ணும் பண்ணாதீங்க அண்ணி. எனக்கு எங்கயாவது வேலை கெடைக்கும்" என்கிறான் மாடிப்படியில் நின்றுகொண்டு. பெரிய தியாகி. அதற்கும் கோபம்தான் வருகிறது.

மே 5, திங்கள்

எடுத்துக்கொண்டு போகிறேன். முழு நோட்டையும்.

மே 30, வெள்ளி

நோட்டு இன்னும் அவர்களிடம் இருக்கிறது. இதை எழுதுவது பழைய சோதனைப் படிவத்தின் பின்பக்கத்தில். வீட்டில் ஒரு கட்டு கிடந்தது.

என்னை வரவேண்டாம் என்று சொல்லி இன்றோடு மூன்று வாரம். முதலாளி இப்போது அந்த அறையில் இல்லை, அவருடைய மைத்துனர் உட்கார்ந்திருக்கிறாராம். எட்டு மெஷினில் ஐந்து ஓடுகின்றன, முப்பத்தெட்டு கிராமில். மூன்றுக்கு உறை போட்டு மூடியாகிவிட்டது. அந்த மூன்றில் வேலை செய்தவர்களில் ஒருத்தி கடைவீதியில் என்னைப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் போய்விட்டாள். சோப்புக் கம்பெனி பாதிச் சரக்கைப் பையில் போட ஆரம்பித்துவிட்டது. அவன் காட்டிய கோடு சரியாகத்தான் இருந்தது, அதை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தப் பெண்ணைப் போய்ப் பார்த்தேன். கட்டுப் பிரித்துவிட்டார்கள், விரல்கள் இன்னும் முழுதாக மடங்கவில்லை. நான் யார் என்று சொன்னேன். உட்காருங்கள் என்று அவள் சொல்லவில்லை.

கொழுந்தனைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். விசாரணையில் நோட்டை வரிவரியாகப் படித்துக் காட்டினார்களாம். "கால்குலேட்டருக்கு சட்டையா, அண்ணி?" என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். இவர் சிரித்துச் சிரித்துப் புரையேறிக்கொள்கிறார்.

இன்று சாப்பிட வரும்போது கையில் ஒரு காலி பாட்டிலோடு வந்தான். புது மாதிரி. தட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தான்.

"இதுல எந்த எடத்துல அமுக்கிப் பாக்கணும்?"

எனக்கு வேலை இல்லாத இடத்துப் பாட்டிலை என்னிடம் ஏன் காட்டுகிறாய் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அவன் பெருவிரலைப் பிடித்து அடி மூலையில் வைத்தேன்.

"இங்க. உள்ள போச்சுன்னா வேண்டாம்னு சொல்லு. சொல்றதோட விடாத, எழுதி வை."