மீதிக் குரல்

வாழவந்தி,
புதன்கிழமை.

அன்புள்ள உங்களுக்கு,

ஈவ்லின் எழுதுகிறேன். அங்கே குவைத்தில் உங்களுக்குக் காய்ச்சல் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். வாட்ஸப்பில் எழுதினால் கட்டைவிரல் படம் ஒன்று திரும்பி வரும், அதனால் காகிதம். பக்கத்து வீட்டுக் கீர்த்திகாவின் கணவர் வெள்ளிக்கிழமை அங்கே வருகிறார். காப்பித்தூளோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்றுச் சேலத்தில் தொண்டை மருத்துவரைப் பார்த்தேன். குரல் நாண் இரண்டு பக்கமும் தடித்திருக்கிறதாம். நாலு வாரம் வாயே திறக்கக் கூடாது. அப்புறமும் சரியாகாவிட்டால் அறுவைச் சிகிச்சையாம். அவர் சொல்லச் சொல்ல நான் சுவரில் கிழிக்காமல் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்லூரியில் இரண்டு பிரிவை ஒன்றாக உட்கார வைத்து, மைக் இல்லாமல், நூற்றுப் பத்துப் பேருக்குக் கத்தியது ஒரு காரணம். இன்னொன்றும் சொன்னார். கிசுகிசுப்பாகப் பேசினால் தொண்டைக்கு ஓய்வு என்று நானாக நினைத்து இரண்டு மாதமாக வீட்டில் அப்படித்தான் பேசினேன். அதுவும் கெடுதலாம்.

வீட்டில் நான் பேசுவது போனில் உங்களிடம் மட்டும்தான்.

ஈஸ்டர் முடிந்த வாரம் கேட்டீர்கள்: "ஏன் ஈவ்லின், நொம்ப மெல்லமாப் பேசற? பக்கத்துல யாரு?" யாருமில்லை என்றேன். அதையும் கிசுகிசுப்பாகத்தான் சொன்னேன். பிறகு நீங்கள் கூப்பிடுவது குறைந்தது. போன வாரம் கூப்பிடவேயில்லை. மறுநாள் வகுப்புக்குக் குரல் மிச்சம் என்றுதான் எனக்குத் தோன்றியது. மறைக்காமல் எழுதுகிறேன்.

துறைத்தலைவர் அண்ணாதுரை சார் விடுப்புத் தந்துவிட்டார். பசங்க ஒரு மாசம் நிம்மதியாத் தூங்கட்டுமுங்க என்றார். சேலத்திலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது ஊர்ப்பெயரை எழுதிக் காட்டினேன். கண்டக்டர் என்னைப் பிறவி ஊமை என்று நினைத்துவிட்டார். சன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் இது இல்லை என்று கையசைத்துக்கொண்டே வந்தார். நான் திருத்தவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து பத்து மணிக்கு வீட்டில் இருப்பேன். வீடியோவில் கூப்பிடுங்கள். போனை அலமாரிமேல் சாய்த்து வைக்கிறேன், இரண்டு அறையும் தெரியும். நான் பேச மாட்டேன். நீங்கள் வெயிலைப் பற்றியோ, மெஸ் சாப்பாட்டைப் பற்றியோ, எதையாவது சொல்லிக்கொண்டிருங்கள். கேட்கிறேன்.

வெயிலில் தலையை மூடிக்கொள்ளுங்கள். ஆண்டவர் உங்கள் பக்கத்தில் இருக்கட்டும்.

உங்கள்
ஈவ்லின்