வெற்றிவேல் கேட்ட நம்பர்

லாஸ்பேட்டை, புதுச்சேரி
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் சரிதாவுக்கு,

இங்கே அப்பாவும் நானும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, சுகமாக இருக்கவேண்டும். அப்பாவுக்கு பிரஷர் இறங்கியிருக்கிறது, ஆனாலும் ஊறுகாயை ஒளித்துத்தான் வைக்கிறேன். நீ கேட்ட வடகமும் மிளகாய்த்தூளும் பார்சலில் வருகின்றன, தூளை ஈரக் கரண்டியால் எடுக்காதே. போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் உன் குரலைக் கேட்டதும் பாதியில் மழுப்பிவிடுவேன், அதனால்தான்.

உன்னோடு பாடிக்கொண்டிருந்த வெற்றிவேல் இறந்து ஒரு வருஷம் ஆகிறது என்று உங்கள் பேண்டுப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குருசுக்குப்பத்தில் வலை பின்னும் கூடத்தில் கச்சேரி வைத்தார்கள். டிரம்ஸ் அருள்முருகன் வீட்டுக்கே வந்து, சரிதாவுக்குப் பதிலா நீங்களாவது வாங்க ஆன்ட்டி என்றான், மறுக்க முடியவில்லை. கத்திக் கத்திப் பாடுவானே, வெற்றிவேலின் அந்த பங்க் பாட்டுகளையெல்லாம் ஸ்கா என்று ஏதோ துள்ளல் தாளத்துக்கு மாற்றி வாசித்தார்கள். முத்தியால்பேட்டை பேண்டு செட்டிலிருந்து இரண்டு டிரம்பெட்காரர்கள் கல்யாண ஊர்வலம் முடிந்து ஜரிகைக் கோட்டோடு அப்படியே வந்திருந்தார்கள். கடல் எங்க வூட்டுக்கு வந்துருச்சி, கவருமெண்டு எப்ப வரும் என்று நம் மாடியில் அவன் பாடியபோது நான் ஜன்னலைச் சாத்தினேனே, அதே பாட்டு. கிடார் துள்ளத் துள்ள மீன் விற்கிற பெண்கள் எழுந்து ஆடினார்கள். ஒரு பெரியவர், இன்னாடா, செத்தவனுக்கு வருசம் வைக்கிற எடத்துல டான்ஸ் ஆட வுடுற என்று அதட்ட, அவன் இருந்தா மொதல்ல ஆடியிருப்பான் பெரிப்பா என்றான் அருள்முருகன். எல்லோரும் சிரித்தார்கள், பெரியவரும்தான்.

வெற்றிவேலின் அம்மா தில்லையம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். ஏம்மா, பரிச்ச முடிஞ்சதும் பேசச் சொல்றேன்னு அவன்கிட்ட சொன்னீங்களாமே, பொண்ணு பேசிச்சா என்றாள். நான் தலையாட்டினேன். பேசினாள் என்று தலையாட்டிவிட்டேன் சரிதா. அது போதும்மா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

உனக்கு ஒன்றும் புரியாது, ஏனென்றால் நான் சொல்லவே இல்லை. நீ பிரான்சில் லியோனுக்குப் படிக்கக் கிளம்பும்போது, பேண்டை விட்டுப் போகிறாய் என்று அவன் சண்டை போட்டான், நீ நம்பரை மாற்றிக்கொண்டாய். போன வருஷம் உன் பரீட்சைக்கு முந்தின வாரம் அவன் வந்து கேட்டில் நின்றான். கண்ணெல்லாம் மஞ்சள். காமாலைக்கு மருந்து சாப்பிடுவதாகச் சொன்னான். சண்ட போட்டது என் தப்புதான் ஆன்ட்டி, புது நம்பர் குடுங்க, ஒரு தடவ ஸாரி சொல்லிட்டா போதும் என்றான். பரீட்சை நேரம்பா, முடியட்டும், நானே பேசச் சொல்கிறேன் என்றேன். செரி ஆன்ட்டி, அவ மொதல்ல பாஸ் ஆவட்டும் என்று திரும்பிப் போனான். அந்தத் தலைமுடியும் கிழிந்த சட்டையும் உன்னை விட்டு ஒழியட்டும் என்றும் உள்ளுக்குள் நினைத்தேன், அதையும் மறைக்க விரும்பவில்லை. அன்றிலிருந்து பதினேழாம் நாள் காமாலை முற்றிச் செத்துப்போனான். அந்தச் செய்தியையும் பரீட்சை முடியும்வரை மறைத்தேன், அதற்குள் காரியமும் முடிந்துவிட்டது. கடைசிவரைக்கும் வீம்பு பிடிச்சிட்டே போயிட்டான்மா என்று நீ போனில் அழுதாயே, அப்போது ஆமாம் என்றேன். நம்பர் தராததைக்கூட தாய் புத்தி என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம். அந்த ஆமாமுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

இந்தக் கடிதம் வரும்போது உனக்கு மறுபடியும் பரீட்சை நடந்துகொண்டிருக்கும். தெரிந்துதான் அனுப்புகிறேன். இனி எதையும் எப்போது உனக்குச் சொல்வது என்று நான் முடிவு செய்யமாட்டேன். நாளைக் காலை தில்லையம்மாளிடமும் போய் உண்மையைச் சொல்லப்போகிறேன், அவள் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்கிறேன். கோபம் தீரும்வரை என்னோடு பேசாமல் இரு, அப்பாவுக்கு மட்டும் போன் செய்.

நீ நன்றாக இருக்கவேண்டும் அம்மா, உன் கையும் உன் கிடாரும் நன்றாக இருக்கவேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. தில்லையம்மாள் உன்னைக் கேட்டால், அவனோடு பேசினேன் என்று என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லிவிடாதே. அவன் மன்னிப்புக் கேட்கத்தான் வந்தான், அம்மாதான் நம்பர் தரவில்லை என்று சொல்.

உன் அம்மா,
ஹேமலதா