மேற்குப் பக்கம் போட்ட கண்ணாடி

என் பாசமுள்ள அண்ணே,

சுகமா என்று தொடங்கித்தான் கைக்குப் பழக்கம். இனி அதைக் கேட்டு என்ன ஆகப்போகிறது? நேராக விஷயத்துக்கு வருகிறேன். பொன்னமராவதியில் உன் நினைவாக ஒரு வீடு கட்டிவிட்டோம். அதற்குள் ஒருவராலும் இருக்க முடியவில்லை.

கோபமாகத்தான் எழுதுகிறேன். பாதிக் கோபம் எங்கள் மேல், பாதி உன் மேல். கனடாவில் வீடு கட்டப் போன தச்சன் நீ. வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி கிடக்கும், உள்ளே ஹீட்டர் பேருக்குத்தான் ஓடும், நீ கைலியோடு நின்று வீடியோ காலில் சிரிப்பாய். சன்னல் வழியாக வரும் வெயிலும் அடுப்புச் சூடும் ஆள் சூடும் வெளியே போகாமல் இருந்தால் போதும் என்பாய். என் மகன் கட்டுகிற வீட்டுக்குக் கரண்ட் பில்லே வராது என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டு வருவார்.

நீ கடைசியாகக் கட்டி முடித்த வீட்டின் படத்தை எனக்கு அனுப்பியிருந்தாய். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, செங்குத்தாகச் சரியும் கறுப்புத் தகரக் கூரை, மற்றப் பக்கங்களில் பேருக்குக்கூட சன்னல் இல்லை. அது வந்த இரண்டே நாளில், படுத்தவன் எழுந்திருக்கவில்லை என்று உன் அறைக்கார நண்பர் போன் செய்தார். நாற்பத்தோரு வயது போகிற வயதா அண்ணே?

உன் காரியம் முடிந்த அன்றே அம்மா என் போனை வாங்கி அந்தப் படத்தைப் பார்த்தார். "அவன் கட்டுன மாதிரியே இங்கயும் ஒண்ணு கட்டுங்க. நான் அதுல இருந்துதான் கண்ண மூடணும்" என்றார். யார் மறுத்துப் பேசுவது? சித்தப்பா மேற்பார்வைக்கு வந்தார். நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுப் போனும் கையுமாக நின்றேன்.

நம் மனையில் ரோடு மேற்குப் பக்கம் என்பது உனக்குத் தெரியும். கொத்தனார் மட்டும்தான் தலையைச் சொறிந்தார். மேற்கே பார்த்து இவ்வளவு கண்ணாடி வைத்தால் சாயங்கால வெயில் முழுவதும் உள்ளே வருமே என்றார். பஸ்ஸில் போகிறவர்கள் பார்க்க வேண்டாமா, பின்பக்கம் வைத்து யாருக்குக் காட்டுவது என்று சித்தப்பா அவர் வாயை அடைத்தார். நானும் சும்மா இருக்கவில்லை. கூரைச் சரிவு போதாது என்று படத்தைப் பெரிதாக்கிக் காட்டி இரண்டு முறை பிரித்துப் போட வைத்தேன். பொன்னமராவதியில் எந்தப் பனி வழுக்கி விழப்போகிறது என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

படத்தில் தெரிந்தது அத்தனையும் வந்தது. தெரியாதது ஒன்றும் வரவில்லை. நீ முழங்கை கனத்துக்குச் சுவர் எழுப்பி உள்ளே பஞ்சு போல ஒன்றை அடைப்பாயாமே, அது வரவில்லை. உன் கண்ணாடி மூன்றடுக்கு, எங்களுடையது ஓரடுக்கு. காற்றை மாற்றிவிடும் மெஷின் என்று ஒன்று உண்டு என்பதே எங்களுக்குத் தெரியாது.

பால் காய்ச்சிய அன்றைக்கே விருந்தாளிகள் இலையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்கள். சித்திரை பிறந்ததும் பகல் மூன்று மணிக்கு மேல் தரையில் கால் வைக்க முடியவில்லை. இரண்டு ஏசி போட்டோம். இரண்டும் மூச்சு வாங்கின. கரண்ட் பில்லே வராத வீடு என்று இப்போது தெருவே எங்களைக் கேலி பேசுகிறது. வடக்குச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது. அம்மா அதில் சாக்கை விரித்து உட்கார்ந்துகொள்கிறார். வீட்டைக் கட்டிவிட்டுச் சந்தில் குடியிருக்கிறோம்.

போன மாதம் அம்மா கூடத்தில் மயங்கி விழுந்தார். இந்த வீட்டில் வைத்திருக்காதீர்கள் என்று டாக்டரம்மா கண்டித்துச் சொன்னார். நான் வேலை பார்க்கிற புதுக்கோட்டைக்கு என்னோடு வரச் சொன்னால் அம்மா வரமாட்டேன் என்கிறார். கண்ணாடிக்கு வெளியே கீற்றாவது கட்டலாம் என்றால் அதற்கும் விடவில்லை. "அது அவன் மொகம் மாதிரி. மறைக்காதே" என்கிறார். நான் எதைச் சொல்லி அவரை மாற்றுவேன்?

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். அந்தப் படத்துக்குக் கீழே நீ ஒரு வாய்ஸ் மெசேஜும் அனுப்பியிருந்தாய். வந்த அன்று பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். அப்புறம் கேட்கலாம் என்று விட்டேன். நீ போன பிறகு அதைத் தொடவே பயமாக இருந்தது. கடைசியாக ஏதோ சொல்லியிருப்பாய், கேட்டால் தாங்க மாட்டேன் என்று நினைத்தேன். ஒரு வீடு எழும்பி முடிகிற வரைக்கும் அது கேட்காமலே கிடந்தது.

அம்மா மயங்கி விழுந்த மறுநாள், அதே சந்தில் உட்கார்ந்து கேட்டேன். முதலில் இருமினாய். பிறகு சொன்னாய்:

"படத்தப் பாத்தியா? இதப் பாத்து நம்ம ஊர்ல யாரும் வீடு கட்டிறாதீங்க. இங்கிட்டு வெயில உள்ள கூப்பிடுறோம், அங்கிட்டு வெளிய நிறுத்தணும். மேக்க சன்னலே வேணாம். வடக்கயும் தெக்கயும் எதிரெதிரா வச்சு, தாவாரத்த நல்லா எறக்கி விடு. நான் வந்து அம்மாவுக்குக் கட்டித் தாரேன்."

அவ்வளவுதான். பாசம் என்று ஒரு வார்த்தை இல்லை, பிரிவு இல்லை, சன்னலும் தாழ்வாரமும்தான். நான் எந்தச் சொல்லுக்குப் பயந்தேனோ அது அதில் இல்லவே இல்லை. ஆத்திரத்தில் போனைச் சாக்கில் எறிந்துவிட்டு அழுதேன்.

அம்மாவிடம் மறைக்க முடியுமா? போட்டுக் காட்டினேன். உன் இருமலைக் கேட்டதும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். முடிந்ததும் இன்னொரு தரம் போடச் சொன்னார். மூன்றாம் தரம் கேட்டுவிட்டுக் கண்ணாடிப் பக்கம் திரும்பினார்.

"படத்தப் புடிச்சுக்கிட்டோம், புள்ள சொன்னதக் கேக்கலயே" என்றார். பிறகு, "கொத்தனார வரச் சொல்லு" என்றார்.

வருகிற திங்கட்கிழமை மேற்குக் கண்ணாடியை எடுத்துவிட்டுச் சுவர் வைக்கிறோம் அண்ணே, வடக்கிலும் தெற்கிலும் எதிரெதிராகச் சன்னல் திறக்கிறோம். தகரத்தைக் கழற்றிவிட்டு ஓடு போடுகிறோம், தாழ்வாரத்தை நீ சொன்னபடி இறக்குகிறோம். அடுத்த சித்திரையில் அம்மா பகல் மூன்று மணிக்குக் கூடத்தில் படுத்துத் தூங்குவார், இது உறுதி. அப்போது அது உன் படத்தைப் போல ஒரு துளிகூட இருக்காது. நீ கட்டிய வீடாக இருக்கும்.

ஒரு வருஷம் கழித்துக் காது கொடுத்த
உன் தங்கச்சி,
செல்வி