பீலித் தண்ணீர்

ஜூன் 11, செவ்வாய்

கராஜ்கார ரவூப் நானா ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டு வேனை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். தண்ணீர் குமிழி குமிழியாகப் பொங்கியது.

"எஞ்சின் ஹெட் வெடிச்சிருக்கு தம்பி. சுடச்சுட பச்சத்தண்ணி ஊத்தினீங்களா?"

இல்லை என்றேன்.

காலையில் கலஹா ஏற்றத்தில் ஆவி பறந்தபோது அரை மணி நேரமாவது ஆறவிட்டிருக்க வேண்டும். பரீட்சைக்குப் பிந்திவிடும் என்று வேனில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அழுதார்கள். ரோட்டோரத்தில் மலையூற்று விழும் பீலியில் தண்ணீர் பிடித்து ஊற்றினேன். உள்ளே டக்கென்று ஒரு சத்தம். அப்போதே தெரிந்துவிட்டது. பிள்ளைகளும் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை.

"இந்த மாடலுக்கு இனி ஹெட் தேடி எடுக்க ஏலாது," என்றார் நானா.

படுக்கப்போகும்போது மனைவி கேட்டாள்: "நாளைக்கு வேன் எடுக்க எத்தனை மணிக்கு எழுப்பணும்?"

வழக்கம்போல நாலரைக்கு என்றேன்.