உப்பில்லாத படையல்

இஞ்சாருங்கோ, என் ராசா,

போன ஞாயிறு ஐவி தொலைபேசி எடுத்தாள். நீங்கள் அவளுடைய கனவில் வந்தீர்களாம். கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. வருசம் திரும்பப் போகிறது, ஒரு நாளாவது என் கனவில் வந்தீர்களா? கட்டின மனுசி இந்த வில்லரே வீட்டில் கட்டிலின் பாதியை உங்களுக்கென்று விட்டுப் படுத்திருக்கிறேன். நீங்களோ கடல் தாண்டிக் கரியாகூத் தீவுக்குப் போய் ஐவிக்கு முகம் காட்டியிருக்கிறீர்கள்.

இங்கே பனி இன்னும் விடவில்லை. வெளிப்படியில் உறைந்து கிடப்பதை நான்தான் கொத்துகிறேன். படகில் நீங்கள் போட்ட ரப்பர்ச் செருப்பு கதவடியில் அப்படியே கிடக்கிறது. உங்கள் அக்கா வருகிற நேரமெல்லாம் அதை எடுத்து வைக்கச் சொல்கிறார். நான் காது கேளாதவள் போல் இருந்து விடுகிறேன்.

ழாக் அடிக்கடி வந்து பார்க்கிறான். ஜான்-டலோன் சந்தையில் நீங்கள் மரக்கறிக் கடையில் நின்ற காலத்துச் சிநேகிதம் அல்லவா? தக்காளி வாங்க வந்த மனிதன் கடைசியில் எங்களையே வாங்கிக்கொண்டு போனான். நீங்கள் வேலையை விட்டதும், கிரெனடாத் தீவில் கட்டி வைத்திருந்த தன் பழைய பாய்மரப் படகுக்கு எங்களைக் கூப்பிட்டான். நீந்தவே தெரியாத நீங்கள் ஓம் என்று விட்டீர்கள்! முதற்பயணத்தில் துறை விட்டதில் இருந்து துறை சேரும்வரை சத்தி எடுத்தீர்கள். ஆனாலும் அடுத்த விண்டருக்கு ழாக் கேட்க முந்தியே பெட்டி அடுக்கியதும் நீங்கள்தான்.

மற்றப் படகுக்காரர்கள் நாளுக்கொரு தீவு என்று ஓடினார்கள். உங்களுக்கு மட்டும் ஒரு சட்டம் இருந்தது.

"ஒரு வீட்டிலையாவது இருந்து சாப்பிடாமல் நங்கூரம் தூக்கப்படாது."

காற்று நன்றாக இருக்கும், பாய் விரிக்கலாம். நீங்களோ கரையில் எந்த வீட்டு அடுப்பில் புகை வருகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். ழாக் தலையில் அடித்துக்கொள்வான். ஒரு தீவில் பத்து நாள் கிடந்ததும் உண்டு. அந்த ஆறுதலான நாட்களைப் போல என் வாழ்க்கையில் வேறு நாட்கள் இருந்ததில்லை.

ஐவி கிடைத்ததும் அப்படித்தானே? படகுகளுக்குப் பாய் தைக்கிறவள். கிழிந்த பாயைக் கொடுக்கப் போன இடத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்கும் இருந்து விட்டோம். ஈரப்பலாக்காய், சேம்பு இலை, உப்பு மீன், மஞ்சள், எல்லாவற்றையும் ஒரே பானையில் அடுக்கித் தேங்காய்ப்பால் விட்டு, பால் வற்றி எண்ணெய் கக்கும்வரை அவியவிட்டாள். ஒயில்டவுன் என்றாள். நாங்கள் கறி வைக்கிற அதே காய்தான். நீங்கள் அடிப்பானையைச் சுரண்டிக்கொண்டு என்னைப் பார்த்தீர்கள்.

"இவ்வளவு காலமும் நீர் எனக்கு என்னத்தைத் தந்தனீர்?"

உங்கள் முதுகில் ஒன்று போட்டேன். ஐவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

அதற்குப் பிறகு படகில் சமையல் என்னுடையது, உப்பு உங்களுடையது. வாளியைக் கடலில் விட்டு மொண்டு, ஒரு பங்கு கடல் தண்ணீருக்கு மூன்று பங்கு நல்ல தண்ணீர் என்று அளந்து ஊற்றுவீர்கள். வீட்டுக்கு வந்தும் அந்தப் பழக்கம் விடவில்லை. நான் கறியை இறக்குவேன், நீங்கள் அகப்பையில் தொட்டு நக்கிப் பார்த்து உப்புப் போடுவீர்கள். உப்புப் பேணியை நான் தொட்டே எவ்வளவு காலம்!

பிறகு வந்த விண்டர் ஆஸ்பத்திரியிலேயே போனது. அதோடு நீங்களும் போய்விட்டீர்கள்.

உங்கள் எட்டுச் செலவன்று ஒயில்டவுன்தான் வைத்தேன். செத்தவருக்கு விருப்பமானதைத்தானே எட்டாம் நாள் படைக்க வேண்டும்? ழாக் எங்கெல்லாமோ அலைந்து ஈரப்பலாக்காய் கொண்டு வந்தான். உப்பு மீன் கிடைக்கவில்லை, கோழி போட்டேன்.

"இதென்ன பவளம், ஊர் பேர் தெரியாத சாப்பாடு? ஒரு மீன் குழம்பை வையுமன்" என்றார் உங்கள் அக்கா.

"அவருக்கு இதுதான் விருப்பம், மச்சாள்."

படைக்க முந்தி வாயில் வைக்கக் கூடாது. வைக்கவில்லை. இலை போட்டு, விளக்கு வைத்து, கும்பிட்டு, உங்கள் பங்கைப் பின் பல்கனியில் வைத்த பிறகுதான் எல்லாரும் சாப்பிட இருந்தார்கள். அக்கா ஒரு வாய் வைத்தார்.

"உப்பில்லையே, பிள்ளை."

முழுப் பானையிலும் ஒரு கல் உப்பில்லை. மற்றவர்கள் தொட்டுப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டுக் கோப்பையை ஒதுக்கினார்கள். ழாக் மட்டும் கோப்பையை வழித்துத் தின்றுவிட்டு இன்னும் கேட்டான். நான் குசினிக்குள் போய் உப்புப் பேணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் கை உங்களுக்காகக் காத்துக்கொண்டு இருந்திருக்கிறது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். அதைத்தான் உங்களுக்குக் கடைசியாகப் படைத்தேன். அன்றிலிருந்து எதைத் தின்றாலும் எனக்கு மண் தின்பது போலத்தான் இருக்கிறது.

இனி ஐவியின் கதைக்கு வருகிறேன். அவளுடைய இங்கிலீஷை என் தமிழில் சொல்கிறேன்.

"பவளம், உன்ரை மனுசன் வந்தவர். படகிலை நிண்டவர். கால் பலகையிலை முட்டேல்லை, அவ்வளவு லேசாய் இருந்தவர்."

"என்ன கேட்டவர்?"

"ஒண்டும் கேக்கேல்லை. சிரிச்சவர்."

அவர்கள் ஊரில் செத்தவர்கள் கனவில் வந்தால் சமைத்துத் தட்டு வைப்பார்களாம். உங்கள் திவசத்தன்று தானும் ஒரு தட்டு வைக்கப் போவதாகச் சொன்னாள். அப்போதுதான் நான் உடைந்துபோய் உப்புக் கதையைச் சொன்னேன். அவளுக்கு ஒரே சந்தோசம்.

"அழாதை. நீ செய்ததுதான் சரி. செத்தவைக்கு நாங்கள் உப்புப் போடுறேல்லை. உப்புத் திண்டால் பாரமாகிப் போவினம், பறக்கேலாது. நீ அவரை லேசாக்கி அனுப்பிப்போட்டாய்."

ஆறுதலாகத்தான் சொன்னாள், பாவம். அப்படியென்றால், என் கையாலேயே உங்களை அவிழ்த்து விட்டேனா? அதனால்தான் அத்தனை தீவுக்கும் போகிறீர்களா? வில்லரே மட்டும் உங்களுக்கு வழி தெரியாமல் போனதா?

நேற்று ழாக் வந்தான். வாற கிழமை படகுக்குப் போகிறானாம். நான் போட்டுக் கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமலே கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"நீங்களும் வாங்கோ, பவளம். திவசத்தை ஐவி வீட்டிலை எல்லாரும் சேர்ந்து செய்வம்" என்று பிரெஞ்சில் கெஞ்சினான்.

"நான் அங்கை வந்திட்டால், அவர் இங்கை வரேக்கை ஆர் கதவு திறக்கிறது?"

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். பிறகு படியிறங்கிப் போய்விட்டான். நானும் கூப்பிடவில்லை.

உங்களைப் போக விடுவதுதான் அன்பு என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அவ்வளவு பெரிய மனது இல்லை. திவசத்தன்று திரும்பவும் ஒயில்டவுன் வைப்பேன், இந்த முறை மரக்கறி மட்டும். படைக்க முந்தியே வாயில் வைத்து உப்புப் பார்ப்பேன். உங்கள் அக்கா பேசினால் பேசட்டும். பார்த்த பிறகும் ஒரு கை கூடவே போடுவேன். கரிக்கும். கரித்தாலும் சாப்பிடுங்கள். சாப்பிட்டுப் பாரமாகி, எழும்ப ஏலாமல், இந்தக் கதவடியிலேயே இருந்து விடுங்கள்.

கண் மூடின பிறகு இந்த வீட்டில் நீங்கள் இன்னும் உப்புப் போட்டுச் சாப்பிடவில்லை. அதற்கு முந்தி நங்கூரம் தூக்கப்படாது. சட்டம் உங்களுடையது.

செருப்பை எடுத்து வைக்காத
உங்கள் மனுசி,
பவளம்