எக்ஸ்ரே ஜன்னல்

டிசம்பர் 20

தரையில் ஒரு வெளிச்சப் பொட்டு. காலையில் பாய் ஓரத்தில் கிடந்தது. யோகேஷ் சாப்பிட உட்கார்ந்தபோது அவன் தட்டுக்குள் வந்துவிட்டது. அதையும் சோற்றோடு அள்ளப் பார்த்தான்.

ஜன்னல் கண்ணாடியில் நான் ஒட்டிய செய்தித்தாளைப் பூச்சி அரித்திருக்கிறது. அம்மாவுக்குக் கால் உடைந்து நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றேனே, அப்போது ஒட்டியது. என் வகுப்புப் பிள்ளைகள் இந்தத் தெரு வழியாகத்தான் சைக்கிளில் போவார்கள். அவர்கள் கண்ணில் படக் கூடாது. கடைக்குக்கூடப் பின்வாசல் வழிதான் போகிறேன். அம்மா நடந்து, திரும்ப மில்லுக்கும் போக ஆரம்பித்துவிட்டாள். தாள் மட்டும் அப்படியே இருக்கிறது.

மில்லுக்குப் போகும் அக்காமார் லீவு நாளில் பிள்ளைகளை என்னிடம் விட்டுப்போகிறார்கள். யோகேஷ், தாஹிரா, அமலி. இவர்களிடம் மட்டும் எனக்குப் பேச்சு வருகிறது.

டிசம்பர் 21

அமலி ஒரே அழுகை. அவர்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் ஸ்டாரை எலி கடித்துவிட்டதாம்.

"நம்மளே செய்வோம்க்கா. ஒங்க ஜன்னல்ல," என்றாள் தாஹிரா. அதற்குள் யோகேஷ் செய்தித்தாளைச் சுரண்டத் தொடங்கிவிட்டான்.

"ஏலே, கைய எடு!"

கத்திவிட்டேன். மூன்று பேரும் மிரண்டு பார்த்தார்கள். பாவம். தாளை எடுத்தால் தெரு முழுக்க உள்ளே வந்துவிடும் என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

டிசம்பர் 22

பீரோவுக்குப் பின்னால் அம்மாவின் எக்ஸ்ரே இருந்தது. நாலு படம், பெரிய உறைக்குள். கன்னங்கரேல் என்று. இதை ஒட்டினால் நான் தெரியமாட்டேன். பிள்ளைகளுக்கும் ஆசை தீரும்.

"இதுதான் ராத்திரி வானம்," என்றேன்.

"வானத்துல எதுக்குக்கா எலும்பு?" என்றாள் அமலி.

"அது மேகம்."

"மேகத்துல ஸ்க்ரூ இருக்கே," என்றாள் தாஹிரா.

பழைய வளையலை வைத்து நிலா வரைந்து வெட்டினோம். நட்சத்திரங்களை நான் வெட்டினேன். ஓட்டைக்குப் பின்னால் மிட்டாய்த் தாள்: சிவப்பு, மஞ்சள். பச்சைக்கு ஒரு கூல்டிரிங்க்ஸ் பாட்டிலை நறுக்கினோம். தாள் வேண்டும் வேண்டும் என்று யோகேஷ் மிட்டாயாகத் தின்று தீர்த்தான். செய்தித்தாளைக் கிழித்துவிட்டு, அந்த இடத்தில் எக்ஸ்ரேக்களை ஒட்டினோம்.

மதியம் வெயில் திரும்பியது. நட்சத்திரங்கள் எல்லாம் தரையில் இறங்கிவிட்டன. நாங்கள் நாலு பேரும் நடுவில் படுத்துக்கொண்டோம். என் உள்ளங்கையில் சிவப்பு. அமலி நெற்றியில் பச்சை. அது மெல்ல நகர்ந்து தாஹிரா சடைக்குள் போயிற்று. செத்த நேரம் எங்கள் வீட்டுக்குத் தரையே இல்லாததுபோல் இருந்தது — அடியிலும் வானம், நாங்கள் அதில் மிதந்துகொண்டு.

டிசம்பர் 23

அம்மா பார்த்துவிட்டாள்.

"ஏண்டி, டாக்டர் எக்ஸ்ரே எங்கன்னு கேட்டா, நட்சத்திரமாப் போச்சுன்னு சொல்லவா?" என்றாள். திட்டப்போகிறாள் என்று நின்றேன். சிரித்துவிட்டாள். "எங் காலப் போயி ஊருக்கே காட்டுறாளே!"

ராத்திரிச் சோற்றுக்குத் தொட்டுக்க வெஞ்சனத்தை என் பக்கம் தள்ளியபடி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "காலு ஒடஞ்சது எனக்குத்தான. நீ எதுக்கு இன்னும் உள்ளயே கெடக்க?"

தட்டை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன்.

டிசம்பர் 24

எப்படி இது எனக்குத் தோன்றாமல் போயிற்று? பகலில் வெளிச்சம் உள்ளே வருகிறது. டியூப்லைட் போட்டால் அதே ஓட்டை வழியாக வெளியே போகும். போனது.

அந்தி நேரம். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் வீடு கூட்டிக்கொண்டிருந்தேன். தெருவில் சைக்கிள் நின்றது.

"ஏ, இங்க பாருடி! இந்த ஸ்டாரு அணைஞ்சு அணைஞ்சு எரியுது!"

தமிழ்மதி குரல். பத்தாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். இப்போது பிளஸ் டூ. டியூஷன் முடிந்து வருகிறாள். நான் லைட்டுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் போகப் போக நட்சத்திரம் அணைந்திருக்கிறது. அப்படியே நின்றுவிட்டேன்.

"முனீசு, நீதான? செவப்பு மட்டும் எரியல. அங்கனதான நிக்கிற?"

கூட வந்தவள் சிரித்தாள். தமிழ்மதி சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று, பெல்லை ரெண்டு தரம் அடித்துவிட்டுப் போனாள்.

நான் ஏன் பேசல? 'ஆமா'ன்னு ஒரு வார்த்த. அதச் சொல்ல எனக்கு என்ன கேடு? அவ போனப்புறம் 'ஆமா, ஆமா'ன்னு செவுத்துக்கிட்ட சொல்லிக்கிட்டு நிக்கிறேன்.

டிசம்பர் 25

அமலி புது கவுனில் கேக் கொண்டுவந்தாள். "தெருவுல நின்னு பாத்தியாக்கா? நெலாதான் சூப்பர்."

இல்லை என்றேன்.

"நீ செஞ்சத நீயே பாக்கலயா!"

பார்க்கவில்லை. உள்ளிருந்து மட்டும்தான்.

டிசம்பர் 26

மழை மூட்டம். அந்தியில் யாரும் வரவில்லை. சிவப்பு நட்சத்திரத்துக்கு முன்னால் கையை வைத்து வைத்து எடுத்தேன். சும்மாதான்.

டிசம்பர் 27

மில்லில் அக்காமாருக்கு ஓவர்டைம். விளக்கு வைத்த பிறகும் பிள்ளைகள் இங்கேதான். சைக்கிள் பெல் ரெண்டு தரம் கேட்டது.

யோகேஷை டியூப்லைட்டுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நிறுத்தினேன். "குதிச்சுக்கிட்டே இரு," என்றேன். எதற்கு என்று கேட்கவில்லை, குதித்தான்.

பின்வாசலில் கிடந்த என் செருப்பைக் கையில் எடுத்துவந்தேன். முன்வாசலில் போட்டு, மாட்டிக்கொண்டு, தெருவில் இறங்கினேன்.